"நூறு மீடியாவில் வரும், கேரண்டி" என்று போன் வந்தால்

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிறோம். அப்பா காலத்துத் தொழில், எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். போன தீபாவளிக்கு முன்னால் பிளாஸ்டிக் உறையை விட்டுவிட்டுப் பனையோலைப் பெட்டிக்கு மாறினோம். அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து ஒரு பிஆர் ஏஜென்சி, அதாவது நம்மைப் பற்றிய அறிக்கையை மீடியாவுக்கு அனுப்பித் தரும் நிறுவனம், அழைத்தது. "பிரஸ் ரிலீஸ் நாங்களே எழுதிடுவோம் சார், நூறு மீடியாவில் வரும், கேரண்டி" என்றார்கள். 35,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 41,300. முழுப் பணத்தையும் முன்பே கட்டினேன்.

பத்தாம் நாள் எக்செல் ஷீட் வந்தது, 112 லிங்க். பெயர் கேள்விப்பட்ட தளங்களும் இருந்ததால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிச் சந்தோஷப்பட்டோம். ராத்திரி ஒவ்வொன்றாகத் திறந்தால், எழுத்து மாறாமல் எல்லாவற்றிலும் ஒரே அறிக்கை. அடியில் பொடி எழுத்தில், இது கட்டணம் பெற்று வெளியிடப்பட்டது, ஆசிரியர் குழு பொறுப்பல்ல என்று ஒரு குறிப்பு. எந்த நிருபரும் அதைப் படித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. காசு கட்டினால் தானாக ஏறிவிடும் பக்கங்கள் அவை. தளத்தின் முகப்பில் தேடினால் கண்ணில் படாது. "4 கோடிப் பேரைச் சென்றடைந்தது" என்று போட்டிருந்தார்களே, அது அந்தத் தளங்களுக்கு மாதம் முழுக்க வருகிறவர்களைக் கூட்டிப் போட்ட கணக்கு.

பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "புவிசார் குறியீடு பெற்ற ஒரே நிறுவனம் நாங்கள்" என்று நானே சொன்னதாக மேற்கோள் குறிக்குள் எழுதியிருந்தார்கள். ஊர்ப் பெயரால் அறியப்படும் பொருளுக்குத் தருவது அந்தக் குறியீடு. 2020 ஏப்ரலில் கிடைத்த அது கோவில்பட்டிக்கே உரியது. உற்பத்தியாளர்கள் சங்கமாகச் சேர்ந்து விண்ணப்பித்து, வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. அறிக்கையை அனுப்பும் முன் என்னிடம் ஒருமுறைகூடக் காட்டவில்லை. மறுநாள் சங்கத்து மூத்தவர் ஒருவர் போனில், "ஏம்ப்பா, உங்க அப்பா இருந்தா இப்படிச் சொல்லுவாரா?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை.

ஏஜென்சியிடம் நீக்கச் சொன்னால், அனுப்பியது அனுப்பியதுதான், திருத்தம் போடத் தனிக் கட்டணம் என்றார்கள். அப்புறம் போனை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு தளத்துக்கும் நானே மெயில் எழுதினேன்.

அந்த அலைச்சலில்தான் உள்ளூர் நிருபர் ஒருவரிடம் அறிக்கையைக் காட்டினேன். முதல் வரியிலேயே "திருநெல்வேலி மாவட்டம் கோவில்பட்டி" என்று இருந்தது. எங்கள் ஊர் இருக்கும் தூத்துக்குடி 1986-லேயே தனி மாவட்டமாகிவிட்டது. "அண்ணாச்சி, இதப் பார்த்ததுமே மூடி வச்சுருவோம். முன்னணி, பெருமிதம், புரட்சின்னு இருக்கு, செய்தி எங்க இருக்கு?" என்றவர், ஐந்தாம் பத்தியில் அரை வரியாகக் கிடந்த ஓலைப்பெட்டியில் விரலை வைத்தார். யார் முடைகிறார்கள், எந்த ஊர், ஒரு பெட்டிக்கு என்ன கூலி, பிளாஸ்டிக் எவ்வளவு குறைந்தது? அவர் கேட்ட எதற்கும் அந்த இரண்டு பக்க அறிக்கையில் பதில் இல்லை.

நானே உட்கார்ந்து அந்தப் பதில்களை ஒரே பக்கத்தில் எழுதினேன். பெட்டி முடைகிற அக்காமார் படம் இரண்டும் என் செல் நம்பரும் சேர்த்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் மாவட்டப் பக்கத்தில் வந்தது. பைசா செலவில்லை. அதுவும் வரும் என்று அந்த நிருபர் வாக்குக் கொடுக்கவில்லை. எதைப் போடுவது என்பது ஆசிரியர் கையில் இருப்பது, அதற்கு வெளியிலிருந்து யாராலும் கேரண்டி தர முடியாது.

உங்களுக்கும் அழைப்பு வந்தால், அவர்கள் முன்பு செய்துகொடுத்த மூன்று லிங்குகளை வாங்கிக் கடைசி வரி வரை கீழே இறக்கிப் பாருங்கள். நீங்கள் படித்து ஒப்புக்கொள்ளாமல் ஒரு வரியும் வெளியே போகாது என்று எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தை முதலிலேயே கொடுக்க வேண்டாம்.

81 தளங்கள் நீக்கிவிட்டன. மீதி 31 பக்கங்களில் அந்தப் பொய் இன்னும் என் பெயரில் நிற்கிறது. போன வாரம் எங்கள் ஊரிலேயே இன்னொரு கடைக்காரருக்கு அதே "கேரண்டி" போன் வந்திருக்கிறது.