தூய நிக்கல் தந்தியா, நிக்கல் பூசிய எஃகுத் தந்தியா?

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் திருமண மேடைகளில் வாசிக்கும் நம் இளைஞர்கள் மின் கிட்டார் தந்தியின் பருமனோடு, தடித்த தந்திகளின் உட்கம்பிமேல் சுற்றப்படும் சுற்றுக்கம்பியின் உலோகத்தையும் கேட்டு வாங்க வேண்டும். தந்தியின் அசைவை மின்சைகையாக மாற்றும் பிக்கப் காந்தப்புலத்தின் வழியே அதிர்வை உணர்வதால், நிக்கலைவிடக் காந்த ஈர்ப்பு மிகுந்த எஃகின்மீது மெல்லிய நிக்கல் பூசிச் சுற்றிய தந்தி உரத்தும் பளிச்சென்றும் ஒலிக்கிறது. கீபோர்டும் தபேலாவும் நிறைந்த குழுவிலும் அது அமுங்குவதில்லை. தூய நிக்கல் சுற்றிய தந்தியோ உச்ச அதிர்வெண்கள் குறைந்து இதமாக ஒலிப்பதால், பழைய திரைப்பாடல்களின் மென்மையான கார்டுகளுக்கு (சேர்ந்தொலிக்கும் சுரங்களுக்கு) நான் அதையே தேர்வேன். மிக மெல்லிய தந்தி அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கும் மிகத் தடித்தது 46 பங்கும் பருமனுள்ள வழக்கமான 10–46 தொகுப்பில் இவ்வேறுபாடு தடித்த மூன்று தந்திகளுக்கே உரியது. மெல்லிய மூன்றும் இரண்டிலும் சுற்றில்லாத எஃகுதான். டர்பனின் உப்புக்காற்றில் அவை எளிதில் துருப்பிடிக்கும் என்பதால், எதை வாங்கினாலும் வாசித்ததும் துடைத்து வைக்க வேண்டும்.