எட்டுத் துண்டு மூளை மாதிரி: வகுப்பறைக்கு வாங்கலாமா?

உடற்கூறியல் மாதிரிகள் விற்கும் இணையக் கடைகளில் மனித மூளை என்று தேடினால், சிறுவர் விளையாட்டுப் பொருளுக்கு ஒரு படி மேலானவை முதல் மருத்துவக் கல்லூரிகள் வாங்கும் விலையுயர்ந்த தயாரிப்புகள் வரை வரிசையாக வந்து நிற்கும். இவற்றுக்கு நடுவே, எங்கள் செவிலியர் பயிற்சிப் பள்ளியின் கைக்கு எட்டும் விலையில் இருந்த ஒரு தொகுப்பை முதலாமாண்டு வகுப்புக்காக வாங்கினோம். உண்மை அளவில் செய்த எட்டுத் துண்டு மூளை, பெரிதாக்கிய தண்டுவடக் குறுக்குவெட்டு, நியூரான் என்னும் நரம்புச் செல்லைக் காட்டும் புடைப்புப் பலகை ஆகிய மூன்றும் ஒரே பெட்டியில் வருகின்றன. ஒரே வார்ப்பைப் பல கடைகள் பல பெயர்களில் விற்பதால், கடையின் பெயரைச் சொல்வதைவிட எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்வதே பயன்படும் என்று கருதுகிறேன்.

கடையின் பக்கத்தில் போட்டிருக்கும் படங்கள் எல்லாமே மூளையை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் காட்டுபவை. மேடும் பள்ளமுமாக, மடலுக்கு ஒரு வண்ணமாகப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் செய்தவருக்கு உடற்கூறியல் தெரியுமா என்பது மூளையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்கும்போதுதான் தெரியும். மூளையிலிருந்து நேரே கிளம்பும் பன்னிரண்டு இணைக் கபால நரம்புகளும் மூளைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி வளையமும் அங்கேதான் இருக்கின்றன. மலிவான மாதிரிகள் கோட்டை விடுவதும் அங்கேதான். ஆகையால் அடிப்பக்கத்தின் படம் இல்லாவிட்டால் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

முதலில் மேற்பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெற்றி மடலையும் உச்சி மடலையும் பிரிக்கும் நடுப்பள்ளம் தெளிவாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் உள்ள மேடு உடலை இயக்குவது, பின்னால் உள்ள மேடு தொடுவுணர்வைப் பெறுவது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. பேச்சுக்குரிய பகுதி இடது நெற்றி மடலின் கீழ்ப்பின்புறத்தில் இருப்பதை 1861-இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா ஒரு நோயாளியின் மூளையிலிருந்து எடுத்துக் காட்டினார்; அந்த இடமும் எண்ணிட்டுக் குறிக்கப்பட்டுள்ளது. வண்ணங்கள்தான் சற்று அதிகம். உச்சி மடலுக்குப் பச்சை, பிடரி மடலுக்கு ஊதா என்று அடித்திருப்பதால், மடல்களுக்கிடையே உண்மையிலேயே வேலி போட்டிருப்பதாக மாணவிகள் எண்ணக்கூடும். உச்சி மடலுக்கும் பிடரி மடலுக்கும் இடையே வெளிப்புறத்தில் தெளிவான எல்லைப் பள்ளம் எதுவும் கிடையாது என்பதை நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி அடிப்பக்கம். நெற்றி மடலுக்குக் கீழே முகர்வு நரம்பின் குமிழ்களும் அவற்றின் தண்டுகளும் ஒழுங்காக உள்ளன. இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் கூடுமிடமும் சரியாக இருக்கிறது. ஒவ்வொரு கண்ணிலும் மூக்குப் பக்கத்து விழித்திரையிலிருந்து வரும் இழைகள் மட்டும் இங்கே எதிர்ப்பக்கம் தாண்டுவதை இதைப் பிடித்துக்கொண்டே விளக்கலாம். அதை ஒட்டியே பிட்யூட்டரிச் சுரப்பியின் காம்பு இருப்பதால், அந்தச் சுரப்பியில் கட்டி வளர்ந்தால் இரு பக்கவாட்டுப் பார்வையும் ஏன் மங்குகிறது என்ற கேள்விக்கும் விடை கைக்குள் கிடைக்கிறது.

எனக்கு மிகவும் நிறைவளித்த இடம் மூன்றாம் கபால நரம்பு. கண்ணசைவுக்குரிய இந்த நரம்பு, பெருமூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டின் மேற்பகுதியான நடுமூளையின் முன்புறத்திலிருந்து வெளிவந்து, மேலே பின்பெருமூளைத் தமனி, கீழே மேல்சிறுமூளைத் தமனி என்ற இரண்டுக்கும் இடையில் நுழைந்து முன்னோக்கிச் செல்ல வேண்டும். மாதிரியின் தரத்தை அறிய நான் முதலில் பார்ப்பது இந்த இடுக்கைத்தான். இந்த மாதிரி அதில் தேறிவிடுகிறது. தலையில் அடிபட்டு வந்தவரின் கண்ணில் டார்ச் அடித்து, கண்பாவை சுருங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துக் குறித்துவைக்கும் வேலை செவிலியருடையது. எதற்காக அதைப் பார்க்கிறோம் என்பது பல ஆண்டு பணியில் இருப்பவர்களுக்கும் சில நேரங்களில் தெரிவதில்லை. மண்டைக்குள் இரத்தம் கட்டி அழுத்தம் கூடும்போது, காதுப் பக்கத்துப் பொட்டு மடலின் உள்விளிம்பு கீழே பிதுங்கி அருகில் ஓடும் இந்த நரம்பை நசுக்குகிறது. கண்பாவையைச் சுருக்கும் இழைகள் நரம்பின் வெளிப்புறமாக ஓடுவதால் அவையே முதலில் அடிபடுகின்றன. அதே பக்கத்துக் கண்பாவை விரிந்து, ஒளிக்கு அசையாமல் நின்றுவிடுகிறது. பொட்டு மடல் துண்டைக் கழற்றி மாட்டும்போது அந்த உள்விளிம்பு நரம்பை உரசிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்த மாணவிக்கு இதை இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை.

அடுத்த நரம்பில் சறுக்கல். நான்காம் கபால நரம்பு மட்டும் மூளைத்தண்டின் பின்புறத்திலிருந்து கிளம்புவது. மற்றப் பதினொன்றும் அப்படியல்ல. மாதிரியில் நடுமூளையின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடு மட்டும் இருக்கிறது. சிறுமூளையைக் கழற்றிவிட்டுப் பின்புறம் பார்த்தால் அந்த நரம்பு தொடங்கும் இடமே காணவில்லை. மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸின் பக்கவாட்டில் தடித்த ஐந்தாம் நரம்பு சரியாக உள்ளது. ஆனால் பான்ஸும் அதற்குக் கீழுள்ள முகுளமும் சந்திக்கும் பள்ளத்தில் ஏழாம் நரம்பையும் எட்டாம் நரம்பையும் ஒரே மொட்டாக வார்த்துவிட்டார்கள். இரண்டும் ஒரே எலும்புத் துளைக்குள் சேர்ந்து நுழைவது உண்மைதான். என்றாலும் ஒன்று முகத்தசைகளை இயக்குவது, மற்றொன்று கேட்கும் திறனுக்கும் உடற்சமநிலைக்கும் உரியது. பாடத்தில் பிரித்துப் படிப்பதை மாதிரியில் ஒட்டவைத்துக் காட்டக் கூடாது. நான் அந்த மொட்டின் நடுவே நிரந்தர மையால் ஒரு கோடு இழுத்துவைத்திருக்கிறேன்.

முகுளத்தின் முன்புறத்தில் பிரமிடுகள் எனப்படும் இரு மேடுகளும் நன்றாகப் புடைத்துத் தெரிகின்றன. பெருமூளையிலிருந்து இறங்கும் இயக்க இழைகளில் ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காடு இங்கே எதிர்ப்பக்கம் மாறுகின்றன. ஆகவே இடது மூளையில் இரத்த ஓட்டம் தடைபட்டால் வலது கையும் காலும் செயலிழக்கின்றன. குறுக்கே பின்னும் அந்த இழைகளைச் செதுக்கிக் காட்டியிருக்கலாம். மாதிரி சரியாக அதற்கு மேலேயே வெட்டி நின்றுவிடுகிறது. தமனிகளிலும் இப்படி ஓர் அரைகுறை வேலை உண்டு. மாதிரி நடுக்கோட்டில் இரண்டாகப் பிரிவதால், பான்ஸின் மேல் ஒற்றையாக ஓட வேண்டிய அடித்தமனி பாதிப் பாதியாக இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. 1664-இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் விளக்கிய தமனி வளையத்தைக் காட்ட இரு பாதிகளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மூளை உறைகள் மூன்றில் ஒன்றுகூட இந்தத் தொகுப்பில் இல்லை. வளர்ந்தவர் மூளையின் எடை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோ. அவ்வளவு மென்மையான ஒன்று தன் எடையாலேயே நசுங்காமல் இருப்பதற்குக் காரணம், அந்த உறைகளுக்குள் இருக்கும் சுமார் 150 மில்லி மூளைத் தண்டுவடத் திரவத்தில் அது மிதப்பதுதான். அந்தத் திரவம் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் சுரந்து, அதே அளவு இரத்தத்தில் திரும்பக் கலக்கிறது. உள்ளறைகளைக் காட்டும் நடுவெட்டுப் பரப்பில் நீல வண்ணம் தீட்டியிருப்பதைத் தவிர, இந்தச் சுழற்சியைப் பற்றி மாதிரி வேறு எதுவும் சொல்வதில்லை.

தண்டுவடக் குறுக்குவெட்டு கைக்கு அடக்கமாக, நல்ல முறையில் செய்யப்பட்டிருக்கிறது. உள்ளே சாம்பல்நிறப் பொருள், வெளியே வெண்ணிறப் பொருள், பின்வேரில் நரம்புக் கணுவின் வீக்கம், முன்வேர் எல்லாம் சரியான இடத்தில் உள்ளன. உணர்வு பின்வேர் வழியாக உள்ளே போகிறது, இயக்க ஆணை முன்வேர் வழியாக வெளியே வருகிறது என்று பிரித்தறிய சார்லஸ் பெல், பிரான்சுவா மஜந்தி ஆகிய இருவரின் ஆய்வுகள் தேவைப்பட்டன. இன்று அதை ஐந்து நிமிடத்தில் காட்டிவிடலாம். முட்டிக்குக் கீழே தட்டினால் கால் உதறும் அனிச்சைச் செயலின் பாதையை இந்த வேர்கள் மீது விரலை ஓட்டியே விளக்கலாம்.

ஆனால் இந்தக் குறுக்குவெட்டுக்கு மாதிரியைச் செய்தவர்கள் எடுத்துக்கொண்டிருப்பது கழுத்து முள்ளெலும்பு. செவிலியர் கற்க வேண்டிய முதன்மையான செயல்முறைகளில் ஒன்று, முதுகில் ஊசி செலுத்தித் திரவம் எடுப்பதற்கு நோயாளியை வளைத்துப் படுக்கவைப்பது. வளர்ந்தவருக்குத் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தளர்வாகத் தொங்கும் நரம்பு வேர்கள் மட்டுமே இருப்பதால்தான் மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலோ நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலோ துணிந்து ஊசி போட முடிகிறது. இந்த மாதிரியை வைத்துக்கொண்டு அதைச் சொன்னால், ஊசி தண்டுவடத்துக்குள்ளேயே குத்தப்படுவதாக மாணவிகள் எண்ணிக்கொள்வார்கள். கழுத்து முள்ளெலும்பு என்பதால் கிடைக்கும் ஒரே ஆதாயம் மூச்சுக்குரிய உதரவிதான நரம்பைப் பற்றிப் பேச இடம் கிடைப்பது. கழுத்தின் 3, 4, 5-ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்து அது பிறப்பதால், அதற்கு மேலே தண்டுவடம் முறிந்தவரால் தானாக மூச்சுவிட முடியாது. மொத்தம் 31 இணைத் தண்டுவட நரம்புகள் என்ற கணக்கை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு செய்தி விபத்துப் பிரிவில் அதிகம் உதவும்.

நியூரான் பலகையைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செல் உடல், செய்தியைப் பெறும் கிளைகளான டெண்ட்ரைட்டுகள், மையலின் என்னும் கொழுப்பு உறை போர்த்திய நீண்ட இழையான ஆக்ஸான், தசையில் போய்ச் சேரும் முனை ஆகியவை புடைப்பாகச் செய்யப்பட்டு எண்ணிடப்பட்டுள்ளன. குறை அளவு விகிதத்தில் இருக்கிறது. பலகையில் செல் உடல் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் அகலம். தண்டுவடத்தின் பெரிய இயக்க நியூரானின் உடல் உண்மையில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். ஆக இது ஆயிரம் மடங்கு பெருக்கம். கால் பாதத்துக்குப் போகும் ஆக்ஸானோ ஒரு மீட்டர் நீளம். அதே பெருக்கத்தில் வரைந்தால் பலகை ஒரு கிலோமீட்டர் நீண்டுகிடக்க வேண்டும். வகுப்பில் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பு எழுகிறது. பிறகு மையலின் எதற்கு என்ற கேள்வி தானாக வருகிறது. ஓய்விலிருக்கும் நியூரானின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் அழுத்தத்தில் இருப்பதும், தூண்டல் வந்ததும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து அதைத் தலைகீழாக்குவதும், பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் பாடநூலில் இருப்பவை. மையலின் இருந்தால் இந்த மாற்றம், உறையில் இடைவெளி விட்டிருக்கும் கணுக்களில் கணுவுக்குக் கணு தாவி, தடித்த இழைகளில் நொடிக்கு 120 மீட்டர் வரை ஓடும். மையலின் இல்லாத மெல்லிய வலி இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊரும். கட்டில் காலில் கால்விரலை இடித்துக்கொண்டால் சுரீரென்ற வலி உடனே தெரிந்து, விண்விண் என்ற வலி சற்றுத் தாமதித்து வருவது இந்த வேக வேறுபாட்டால்தான். தையல் போடும் முன் மரத்துப்போவதற்காகச் செலுத்தும் லிக்னோகெய்ன் அந்தச் சோடியம் வாயில்களைத்தான் அடைக்கிறது.

பலகையின் வலது ஓரத்தில் நரம்பு முனைக்கும் தசைக்கும் இடையிலான இடைவெளியை நன்றாகக் காட்டியிருக்கிறார்கள். முனைக்குள், தசைக்குச் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் உள்ள பைகளைச் சிறு மணிகளாக ஒட்டியிருப்பது நல்ல யோசனை. ஒட்டுப் பசைதான் மோசம், வந்த மாதத்திலேயே சில மணிகள் உதிர்ந்துவிட்டன. அரசு மருத்துவமனைகளுக்குப் பூச்சிமருந்து குடித்துவிட்டு வருபவர்களைப் பற்றிப் பேச எனக்கு வாய்த்த இடம் இதுதான். ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சு, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுகிறது. அசிட்டைல்கோலின் தேங்கிப் போவதால் வாயில் எச்சில் வழிகிறது, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்குகிறது, நுரையீரலில் சளி நிறைகிறது. இதற்கு முறிமருந்தாகக் கொடுக்கும் அட்ரோபின் சுரப்புகளை அடக்கும். ஆனால் பலகை காட்டும் இந்தத் தசைச் சந்திப்பில் அது வேலை செய்யாது. எச்சில் நின்றுவிட்டது என்று நிம்மதி அடையாமல் மூச்சுத் தசைகள் தளர்கின்றனவா என்று ஏன் கண்காணிக்க வேண்டும் என்பதை மணி உதிர்ந்த பலகையும் போதுமான அளவு விளக்கிவிடுகிறது.

பொருளின் உழைப்பு பற்றிச் சில சொற்கள். துண்டுகளை இணைக்கும் பிளாஸ்டிக் முளைகள் மெல்லியவை. சிறுமூளைத் துண்டின் முளை ஒன்று முறிந்தே வந்தது. படம் எடுத்து அனுப்பியும் விற்றவரிடமிருந்து மாற்றுத் துண்டு வரவில்லை, கூரியர்காரர்மேல் பழியைப் போட்டுவிட்டார். கடைசியில் ஒரு சிறிய காந்தத்தை ஒட்டிச் சமாளித்தோம். பெட்டியைத் திறந்ததும் அடிக்கும் பிளாஸ்டிக் வாடை சில நாளில் போய்விடுகிறது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் வண்ணம் கரைகிறது. சோப்புத் தண்ணீரே போதும். விளக்கத்தாள் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருப்பதால் தமிழ்வழியில் படித்து வந்த மாணவிகளுக்காக எண்களுக்கு உரிய தமிழ்ப் பெயர்களைத் தனித்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

கடையில் மூன்றையும் பிரித்து விற்பார்கள் என்றால் மூளையையும் நியூரான் பலகையையும் எடுத்துக்கொண்டு, தண்டுவடத்துக்கு இடுப்பு முள்ளெலும்பும் அதற்குக் கீழே தொங்கும் நரம்பு வேர்களும் உள்ள மாதிரியை வேறிடத்தில் தேடுங்கள். பிரித்துத் தர மாட்டார்கள் என்றால் முழுத் தொகுப்பையும் வாங்கலாம். பெட்டி வந்ததும் எட்டு முளைகளையும் பலகையின் மணிகளையும் எண்ணிப் பார்த்து, பிரிப்பதைக் காணொளியாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.