உப்புக்காத்து மேல பழியைப் போடுவாங்க, நம்பாதீங்க: அடுப்படி மேடைக் கல் வாங்குவோர் கவனத்துக்கு

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் அடுப்படி மேடையில் நடந்த ஏமாற்று இது. வீட்டுக்காரர்கள் சம்மதம் சொன்ன பிறகே எழுதுகிறோம். கல் இறக்கிய ஏஜெண்ட் யார், எந்தக் கடை என்பதெல்லாம் இங்கே வேண்டாம், புகார் தனியாகப் போகிறது. செய்த வேலை எப்படிப்பட்டது, அதை முன்னமே எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் மற்றவர்களுக்கு உதவும்.

மதுரையில் கல் யார்டுக்கே போய்க் கருப்புக் கிரானைட் பாளம் பார்த்திருக்கிறார்கள். முக்கால் இஞ்ச் கனம் என்று பேச்சு. ஏஜெண்ட் மூலமாக லோடு வந்தது, அவர் கூட்டிவந்த ஆட்களே வெட்டிப் பதித்துப் போனார்கள். குடிபோய் ஒரு வருஷம் ஆவதற்குள் மேடையின் குட்டைப் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. நீளப் பக்கம் கருப்பு போய்ச் சாம்பல். சிங்க் மூலையிலிருந்து முன்விளிம்பு வரைக்கும் ஒரு கீறல். ஜாயிண்ட்டிலும் சுவரோரத்திலும் வெள்ளைப் பொடி. போன் போட்டுக் கேட்டதற்கு வந்த பதில்: "கடக்கரை ஊரு அண்ணே, இந்த உப்புக்காத்துக்கு எந்தக் கல்லும் தாங்காது."

தொண்டி முதல் சாயல்குடி வரை இந்த ஒரே பதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மின்விசிறி, ஜன்னல் கம்பி, பிரிட்ஜ் பின்பக்கம் எல்லாம் துருப்பிடிப்பதைத் தினம் பார்க்கிறவர்கள் கல்லுக்கும் அப்படித்தான் போல என்று நம்பிவிடுகிறார்கள். கிரானைட்டை உப்புக்காற்று வெளுக்காது. அதில் இருப்பது குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் என்ற கெட்டியான தாதுக்கள். கருப்புக் கிரானைட் என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை பாறைக் கணக்கில் டோலரைட், காப்ரோ வகைகள், கிரானைட்டே அல்ல. இருந்தாலும் அடுப்படியில் புழங்கும் உப்பும் புளியும் அதையும் ஒன்றும் செய்துவிடாது. ஆகவே நாலு கோளாறுக்கும் தனித்தனியாகக் காரணம் தேட வேண்டியிருந்தது.

முதலில் வெள்ளைத் திட்டு. அந்தக் குட்டைப் பக்கம் கிரானைட்டே இல்லை, பாலிஷ் போட்ட கடப்பாக்கல். ஆந்திராவின் கடப்பாவிலிருந்து வரும் கருப்புச் சுண்ணாம்புக்கல் அது. நல்ல பாலிஷ் ஏற்றிப் புதுசாகப் பக்கத்தில் வைத்தால் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் சுண்ணாம்புக்கல்லுக்குப் புளிப்பு ஆகாது. மீன் கழுவும்போது பிழியும் எலுமிச்சை, சிந்தின புளிக்கரைசல், தயிர், வினிகர் எல்லாமே மேல்பரப்பை அரித்து மங்கலாக்கும். அது கறை இல்லை, கல்லே கரைந்த இடம். தேய்த்தால் போகாது, திரும்பப் பாலிஷ்தான் போட வேண்டும். போட்டாலும் அடுத்த மீன் குழம்புக்குத் திரும்ப வரும். கடப்பா மட்டமான கல் என்று சொல்லவில்லை. மேடைக்குக் கீழே தட்டு, சாமான் ரேக், பரண் எல்லாவற்றுக்கும் அதைப்போல மலிவான நல்ல கல் கிடையாது. கிரானைட் விலைக்கு அதை மேடையில் போடுவதுதான் திருட்டு.

அடுத்து, சாம்பலாகிப் போன நீளப் பக்கம். அது கிரானைட்தான், ஆனால் கருப்பு இல்லை. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கருப்பாக்கியது. சோப்பும் வெந்நீரும் பட்டுப் பட்டு, அடுப்புக்கு முன்னால் தினம் துடைக்கும் இடத்தில் முதலில் வெளுத்திருக்கிறது. சுவரோரம், மிக்ஸி வைத்த இடத்துக்கு அடியில் இன்னும் கன்னங்கரேல். உப்புக்காற்று என்றால் மிக்ஸிக்கு அடியை மட்டும் விட்டுவைக்குமா?

இதைக் கண்டுபிடிக்க நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் போதும். வெள்ளைப் பஞ்சில் நனைத்து ஒரே இடத்தில் அரை நிமிஷம் அழுத்தித் தேய்த்தால் சாயக் கல் பஞ்சைக் கருப்பாக்கிவிடும். லேசான அழுக்கு வந்தால் பயப்பட வேண்டாம், அது மெழுகும் தூசியும். மை மாதிரி வந்தால்தான் சாயம். மேல்பக்கத்தில் தேய்ப்பதோடு நிறுத்தாமல் அடிப்பக்கத்தையும் வெட்டுவாயையும் பாருங்கள். நிஜக் கருப்புக் கல் உள்ளேயும் கருஞ்சாம்பலாக ஒரே சீராக இருக்கும். சாயக் கல்லின் வெட்டுவாயில் வெளிர்ப் பொட்டுகள் தெரியும். அதை மறைக்கத்தான் விளிம்பு பாலிஷ் முடிந்த கையோடு கருப்பு மை தடவுகிறார்கள். ஆகவே விளிம்பிலும் ஒரு பஞ்சு தேய்த்துவிடுங்கள்.

கனமும் குறைவு. நம் பக்கம் கொத்தனார்கள் இஞ்சில் எட்டில் ஒரு பங்கை நூல் என்பார்கள். முக்கால் இஞ்ச் என்றால் 6 நூல், அதாவது 19 மில்லிமீட்டர். வந்தது 5 நூல், 16 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. முன்விளிம்பில் அளந்தால் இது தெரியாது. டபுள் மோல்டிங் என்று அடியில் இன்னொரு பட்டியை ஒட்டி உருட்டியிருப்பதால் ஒன்றரை இஞ்ச் கல் போலக் காட்டும். சிங்க் ஓட்டையில் அளக்க வேண்டும், இல்லையென்றால் சுவர்ப்பக்கம் பதிக்கும் முன் அளக்க வேண்டும்.

சிங்குக்கு வெட்டி எடுத்த துண்டு எங்கே என்று கேட்டால் "வேஸ்ட்டுண்ணே, தூக்கிப் போட்டாச்சு" என்றார்களாம். அந்தத் துண்டை விடவே விடாதீர்கள். அதற்கும் சதுர அடிக் கணக்கில் காசு வாங்கியிருக்கிறார்கள், அது உங்கள் கல். கனம், அடிப்பக்க நிறம், சாயம், கடப்பாவா இல்லையா எல்லாவற்றையும் மேடையைத் தொடாமல் அதிலேயே பார்த்துவிடலாம். ஓர் இரும்பு ஆணியால் அழுத்திக் கோடு போடுங்கள். கிரானைட்டில் ஆணியின் இரும்புதான் கோடாக விழும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். கடப்பாவில் பள்ளமாகக் கீறல் நிற்கும். எலுமிச்சையைப் பாதியாக நறுக்கிக் கால் மணி நேரம் கவிழ்த்து வைத்தால் கடப்பாவில் மங்கல் வட்டம் விழும். அதற்கும் சந்தேகம் தீராவிட்டால் கழிப்பறை கழுவும் ஆசிட் இரண்டு சொட்டு, வெளியே காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு. சுண்ணாம்புக்கல் என்றால் நுரைத்துப் பொங்கும். ஒவ்வொரு பாளத்திலிருந்தும் ஒரு துண்டு கேளுங்கள். இந்த வீட்டில் சிங்க் இருந்தது கிரானைட் பக்கம், கடப்பா இருந்தது மறுபக்கம். ஒரு துண்டை மட்டும் பார்த்திருந்தால் பாதித் திருட்டு தப்பியிருக்கும்.

பில்லையும் பார்த்தோம். மேடை எல் வடிவம், சுவரோரம் 10 அடி ஒரு பக்கம், 6 அடி ஒரு பக்கம். அகலம் 24 இஞ்சும் முன்னால் 1 இஞ்ச் நீட்டலும் சேர்த்து 25. மூலைச் சதுரத்தை ஒரு தடவைதான் எண்ண வேண்டும். 120 இஞ்ச் நீளத்துக்கு ஒரு பாளம், மீதி 47 இஞ்சுக்கு ஒரு பாளம், மொத்தம் 29 சதுர அடி. பில்லில் 36. அகலத்தை மூன்று இஞ்சின் அடுத்த மடங்குக்கு ஏற்றி 27 ஆக்கிவிட்டு, 10 அடியையும் 6 அடியையும் கூட்டி 16 அடியாகப் போட்டிருக்கிறார்கள், மூலை இரண்டு தடவை வந்துவிட்டது. வெட்டுச் சேதாரம் என்று கொஞ்சம் கூடுவது ஞாயம். ஆனால் அதைச் சேதாரம் என்றே தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். மோல்டிங் ரன்னிங் அடிக் கணக்கு (நீளத்தை மட்டும் அளப்பது), முன்பக்கம் வெளியே தெரியும் விளிம்புக்கு மட்டும்தான். சுவருக்குள் போகும் விளிம்புக்கும் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

சிங்க் மூலைக் கீறலுக்குக் காரணம் முழுக்க வெட்டின கை. கட்டர் பிளேடு வட்டமானது. மூலை வரைக்கும் வெட்ட வேண்டுமென்றால் மேலே அது மூலையைத் தாண்டி அரை இஞ்சாவது ஓடும். அந்தத் தாண்டின வெட்டுத்தான் பிற்பாடு கீறலாக வளர்கிறது. முதலில் நாலு மூலையிலும் ஓர் இஞ்ச் கோர் பிட்டால் (வட்டமாகத் துளைக்கும் பிட்) ஓட்டை போட்டு, ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு வெட்டினால் மூலை உருண்டையாக நிற்கும், கீறல் தொடங்க இடமிருக்காது. சிங்குக்கு முன்னால் கல் 3 இஞ்சாவது மிஞ்ச வேண்டும். இங்கே 2 இஞ்ச் விட்டிருந்தார்கள், அதுவும் 5 நூல் கல்லில். ஜாயிண்ட்டும் சிங்க் மேலேயோ அடுப்பு மேலேயோ வரக் கூடாது.

அதோடு கல்லுக்கு அடியில் கலவை முழுதாக இல்லை, அங்கங்கே உருண்டை வைத்து மட்டம் பார்த்துக் கவிழ்த்திருக்கிறார்கள். ஒரு ரூபாய்க் காசால் மேடை முழுக்கத் தட்டிப் பாருங்கள். கலவை நிறைந்த இடத்தில் கெட்டியாக டக்கென்று கேட்கும், வெற்றிடத்தில் டொக் டொக். நண்டு ஓடு தட்டுகிற வீட்டில், குழவியால் இஞ்சி நசுக்குகிற வீட்டில் அந்த டொக் இடம் ஒரு நாள் உடையும். ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் கலவை, முக்காலிலிருந்து ஓர் இஞ்ச் கனத்தில் பரப்பி, கல்லின் அடியில் சிமெண்ட் பால் தடவி, ரப்பர் சுத்தியால் தட்டி இறக்க வேண்டும். முன்நீட்டலின் அடியில் ஒரு நூல் ஆழத்துக்கு ஒரு கோடு கீறிவிடச் சொல்லுங்கள், சொட்டும் தண்ணீர் அங்கேயே விழும், கீழ்க் கதவுப் பலகைக்கு ஓடாது. ஐந்து நிமிஷ வேலைதான், கேட்காவிட்டால் யாரும் செய்வதில்லை.

கடைசியாக அந்த வெள்ளைப் பொடி. நாலு கோளாறில் இது ஒன்றில்தான் உப்பு இருக்கிறது, அதுவும் காற்றில் வந்த உப்பு இல்லை. கலவை மணலிலும் தண்ணீரிலும் வந்தது. சுவரோரம் கொஞ்சம் பெயர்த்துப் பார்த்தால் கலவையில் பொடிப்பொடியாகச் சிப்பித் துணுக்கு. கடற்கரை மணலைக் கலந்திருக்கிறார்கள், கரைத்தது உப்பு போர் தண்ணீரில். கலவை ஈரம் காயக் காய உப்பு மேலே ஏறிப் பூக்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் உப்பு. துடைத்தும் கரையாமல் படிந்தே நின்றால் சுண்ணாம்பு. குழாயடியில் படிவது பெரும்பாலும் இரண்டாவது வகை, கடினத் தண்ணீரின் படிவு. அதை ஆசிட் போட்டு எடுக்காதீர்கள், ஸ்டீல் சிங்கில் பொட்டுப் பொட்டாகத் துரு விழும்.

கல்லுக்கு அடியிலிருக்கும் கான்கிரீட் பலகைக்கும் அதே மணல், அதே தண்ணீர் என்றால் இன்னும் மோசம். உப்பில் இருக்கும் குளோரைடு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கான்கிரீட்டை அடியில் பிளந்து உதிர்க்கும், மேலே கல்லைத் தூக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. நம் கடலோர போர் தண்ணீரைச் சோதிக்காமல் அந்த வேலைக்கு விடவே கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம். மேடை மட்டும் என்றால் லாரித் தண்ணீர் வாங்கினாலே செலவு பெரிதாக வராது. பலகை 3 இஞ்ச், 8 மில்லிமீட்டர் கம்பி, கம்பிக்கு அடியில் முக்கால் இஞ்ச் கவரிங் (கம்பியை மூடும் கான்கிரீட்). கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) இல்லாமல் கம்பியைச் சென்ட்ரிங் தட்டின் மேலேயே கிடத்தினால் மணல் நல்லதாக இருந்தும் பயனில்லை.

வேறு கல் போடலாமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. வெளிர் நிறக் கிரானைட்டில் காஷ்மீர் ஒயிட் போன்றவை (பெயர்தான் காஷ்மீர், கல் மதுரைப் பக்கத்தது) தண்ணீர் குடிக்கும். ஒரு சொட்டு விட்டுக் கால் மணி நேரத்தில் அந்த இடம் கறுத்தால் மஞ்சளும் எண்ணெயும் அப்படியே இறங்கும். சீலர் (கல்லின் துளைகளை அடைக்கும் பூச்சு) அடித்துத் திரும்பத் திரும்பப் பராமரிக்க முடிகிறவர்களுக்கு மட்டும் சரி. கீழக்கரைப் பக்கம் புது வீடுகளில் இப்போது கேட்கும் நானோ ஒயிட், கண்ணாடி வகைப் பொருள். பளிச்சென்று இருக்கும், கறை பிடிக்காது, ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை அப்படியே வைத்தால் வெடிக்கலாம், விளிம்பு சிதறினால் ஒட்டுப்போட வராது. செயற்கை குவார்ட்ஸ் கெட்டி, ஆனால் அதைப் பிடித்து வைத்திருப்பது ரெசின் என்ற பிளாஸ்டிக் பசை. 150 டிகிரிக்கு மேல் சூடுபட்டால் நிறம் மாறும், தாளிக்கும் சட்டி அதைச் சாதாரணமாகத் தாண்டும். சட்டியைக் கண்ட இடத்தில் இறக்கி வைக்கிற நம் அடுப்படிக்கு 6 நூல் கருப்புக் கிரானைட்டுக்கு மேலே எதையும் சொல்ல மாட்டோம்.

யார்டில் பாளத்தைத் தேர்ந்ததும் அடிப்பக்கத்தில் பெயிண்ட் மார்க்கரால் உங்கள் கையெழுத்தைப் போட்டு, அடிப்பக்கத்துக்கும் மேல்பக்கத்துக்கும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் பைபர் வலை ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள், பலவீனமான பாளத்தை ஓட்ட வலை ஒட்டுவது உண்டு. லோடு இறங்கும்போது கையெழுத்து இருக்கிறதா பாருங்கள், வெட்டும்போது ஒரு ஆள் கூடவே நிற்கட்டும். கலவை போட்டபின் அடிப்பக்கத்தை யாரும் பார்க்க முடியாது, ஏஜெண்டுகள் அவசரப்படுத்துவதே அதற்குத்தான். பில்லில் கல்லின் பெயர், கனம், சதுர அடி மூன்றும் எழுதி வாங்காமல் கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். "கிரானைட் வேலை" என்று ஒற்றை வரியில் எழுதிய பில் எதற்கும் உதவாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் மேடையை உடனே பெயர்க்க வேண்டாம். அசிட்டோன் பஞ்சு, ஆணிக் கீறல், ஓட்டையில் டேப் வைத்த கனம், எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வையுங்கள். முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் சரிவராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் மனு போட்டாக வேண்டும். "அடுத்த மாசம் வந்து பாலிஷ் போட்டுத் தர்றேன்" என்று ஏஜெண்ட் இழுத்தடித்தால், அந்த வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள்.