சொந்த கேபிஐயா, ஸ்கோரா? லாஜிஸ்டிக்ஸில் எந்த அளவுகோல் நிலைக்கும்

டெலிவரி வேலையை அளக்க மூன்று வழி இருக்கிறது. நாமே கேபிஐ (செயல்திறனைக் காட்டும் அளவீடு) வகுத்துக்கொள்ளலாம், வாடிக்கையாளர் தரும் ஸ்கோர்கார்டை (மதிப்பெண் அட்டை) பின்பற்றலாம், அல்லது ஸ்கோர் (SCOR, சப்ளை செயின் வேலையை அளக்கும் மாதிரி) போன்ற பொதுத் தரத்தை எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் மூன்றாவதற்கு மாறிவிட்டோம். அதனால் இந்த அலசல் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

சொந்த கேபிஐக்குச் செலவில்லை, ஒரு எக்செல் ஷீட் போதும். வாடிக்கையாளர் ஸ்கோர்கார்டில் நமக்குப் பேச்சே இல்லை. வால்மார்ட் 2017-ல் சப்ளையர்களுக்கு ஓடிஐஎஃப் (சரியான நேரத்தில், முழு அளவில் டெலிவரி) விதியையும் அபராதத்தையும் கொண்டுவந்தது நினைவிருக்கும். ஐந்து வாடிக்கையாளர் என்றால் ஐந்து விதமான கணக்கு, அவ்வளவுதான்.

முடிவைத் தீர்மானிப்பது வேறு: வரையறையை யார் பராமரிப்பது?

பத்து மணி ஸ்லாட்டுக்கு லாரி 9.40-க்கே கேட்டுக்கு வந்துவிடுகிறது. டாக் (சரக்கு இறக்கும் மேடை) காலியாவது ஒரு மணிக்கு. பிஓடியில் (சரக்கு பெற்றதற்கான சான்று) கையெழுத்து விழும்போது மணி மூன்று. டிரான்ஸ்போர்ட்டர் கணக்கில் ‘ஆன் டைம்’, குடோன் கணக்கில் ‘லேட்’. இருவர் சொல்வதும் பொய்யில்லை. மாதக் கடைசி ரிவ்யூ முழுக்க இந்த வழக்கிலேயே ஓடும். சொந்த கேபிஐயில் இதற்கான தீர்ப்பு ஷீட் போட்டவர் தலைக்குள் இருக்கிறது. அவர் வேலை மாறினால், அடுத்தவர் ஃபார்முலாவைத் தொடுவார். பிறகு போன வருட எண்ணையும் இந்த வருட எண்ணையும் பக்கத்தில் வைக்கவே முடியாது.

ஸ்கோர் 1996-ல் சப்ளை செயின் கவுன்சில் வெளியிட்டது, இப்போது ஏஎஸ்சிஎம் என்ற சப்ளை செயின் சங்கம் பராமரிக்கிறது. அதன் ‘பெர்ஃபெக்ட் ஆர்டர்’ கறாரானது: முழு அளவு, ஒப்புக்கொண்ட தேதி, சரியான ஆவணம், சேதமில்லாத சரக்கு, நான்கும் சேர்ந்தால்தான் கணக்கு. தேதி என்பது முதலில் ஒப்புக்கொண்ட தேதி. நடுவில் தள்ளிப்போட்டுவிட்டு ‘ஆன் டைம்’ என்று சொல்ல வழியில்லை. பத்து பொருள் கொண்ட ஆர்டரில் ஒன்பது பொருள் போய்ச் சேர்ந்தால் பொருள் கணக்கில் 90 சதவீதம், ஆர்டர் கணக்கில் பூஜ்யம். நான்கும் தனித்தனியே 95 சதவீதம் என்று வைத்தால்கூட, ஒன்றோடொன்று தொடர்பில்லாதபட்சத்தில், பெருக்கி வருவது 81 சொச்சம். நிர்வாகத்திடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எண் விழுந்த பிறகு விளக்கினால் சமாளிப்பு மாதிரித் தெரியும்.

ஸ்கோர் எல்லாவற்றுக்கும் பதில் தராது. டாக் காத்திருப்புக்கு நாங்களே ஒரு விதி சேர்த்தோம்: கேட் என்ட்ரி நேரமே வருகை நேரம். டிரான்ஸ்போர்ட்டர் ஒப்பந்தத்திலும் அதே விதி இருக்கிறது. பேலட் (சரக்கு அடுக்கும் பலகை) ஒவ்வொன்றுக்கும், பார்கோடு தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் 18 இலக்க எஸ்எஸ்சிசி அடையாள எண் ஒட்டாவிட்டால் இரு தரப்புத் தரவையும் பொருத்துவது கடினம் என்பதும் உண்மை.

ஒரே வாடிக்கையாளருக்கு ஓட்டும் சிறிய டிரான்ஸ்போர்ட்டருக்கு இத்தனை தேவைப்படாது, அந்த ஸ்கோர்கார்டே போதும் என்று தோன்றுகிறது. குளிர்பதனச் சரக்கில் எனக்கு அனுபவமில்லை. போக்குவரத்தின் கார்பன் கணக்குக்கு 2023-இல் வந்த ஐஎஸ்ஓ 14083 தரத்தையும் நாங்கள் இன்னும் தொடவில்லை.

மாறுவதாக இருந்தால் பெர்ஃபெக்ட் ஆர்டரோடு மட்டும் ஆரம்பியுங்கள். ஒரு காலாண்டுக்குப் பழைய ஷீட்டும் கூடவே ஓடட்டும்.