சாந்தமான ஹவுஸ் ட்ராக்குகளை கீ பார்த்து மைக்ஸ் செய்வது: பல வருட அனுபவம்

ஒரு ட்ராக்கோடு அடுத்ததைச் சேர்க்கும்போது கீ (ட்ராக் எந்த ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட மேஜர் அல்லது மைனரில் ஓடுகிறது என்பது) பார்த்து மைக்ஸ் செய்ய வேண்டுமா, காது போதாதா என்ற சண்டை டிஜேக்களிடையே ஓய்வதே இல்லை. நான் பல வருடங்களாக 118 முதல் 122 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை பீட்) வரை ஓடும் டீப் ஹவுஸ் என்ற சாந்தமான எலக்ட்ரானிக் நடன இசையை வைத்தே செட் போடுகிறேன். மற்ற வகைகளுக்கு எப்படியோ, இதற்கு கீ பார்த்தே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிரம் மட்டுமே ஓங்கி அடிக்கும் ட்ராக்கில் சுருதி கொஞ்சம் முட்டினாலும் தெரியாமல் போய்விடும். ஆனால் இங்கே எலக்ட்ரிக் பியானோவும் பேடும் (பின்னணி சிந்த் ஒலி) நீண்டு ஒலிக்கும், மைக்ஸும் நீளம். 120 பிபிஎம்மில் ஒரு பார் (நான்கு பீட்) இரண்டு விநாடி, 32 பார் சேர்த்து ஓட்டினால் 64 விநாடி. அவ்வளவு நேரம் இரண்டு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) முட்டிக்கொண்டிருந்தால் இசை படிக்காதவருக்கும் காது கூசும்.

கீ கண்டுபிடிக்கும் மென்பொருளான மிக்ஸ்டு இன் கீயில் ட்ராக்கை அலசி, வரும் எண்ணை ஃபைலின் டேகில் சேர்த்து, ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளுக்குக் கொண்டுபோகிறேன். அந்த எண் கேமலாட் சக்கரத்தில் இருந்து வருவது. பொருந்தும் கீகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிய இந்தச் சக்கரம் பெரும்பாலான டிஜேக்களுக்குத் தெரிந்ததுதான்: 1 முதல் 12 வரை எண்கள், ஏ வந்தால் மைனர், பி வந்தால் மேஜர். 8ஏ என்பது ஏ மைனர், 8பி சி மேஜர், 9ஏ இ மைனர், 7ஏ டி மைனர். பக்கத்து எண்ணுக்கு நகர்ந்தால் ஏழு ஸ்வரங்களில் ஆறு பொதுவாக இருக்கும். (டிராக்டர் என்ற டிஜே மென்பொருளின் ஓப்பன் கீ முறையில் அதே ஏ மைனர் 1எம் என்று வரும், குழம்ப வேண்டாம்.)

8ஏவிலிருந்து 8பிக்குப் போவது இந்த வகையில் தனி சுகம். டீப் ஹவுஸுக்கு வழிபோட்ட சிகாகோவின் லாரி ஹெர்ட் காலத்திலிருந்தே டீப் ஹவுஸில் ஜாஸ் வாசனையுள்ள கார்டுகள்தான் அதிகம், அடிப்படை மூன்று ஸ்வரங்களோடு செவன்த்தும் (ஏழாவது) நைன்த்தும் (ஒன்பதாவது) சேர்ந்தே வரும். ஏ மைனர் செவன்த்தில் ஏ, சி, இ, ஜி இருக்கின்றன. அடியில் இருக்கும் ஏவை எடுத்துவிட்டால் மிச்சம் சி மேஜர்தானே! அதனால் பழைய ட்ராக்கின் பேஸை (அடி ஒலியை) இறக்கிய கையோடு, கார்டுகள் தாமாகவே புது ட்ராக்குக்குச் சொந்தமானது போல ஒலிக்கத் தொடங்கும்.

சக்கரம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு, எனக்கு மிகவும் உதவியது அதுதான். ஹவுஸில் டோரியன் என்ற ஸ்கேல் நிறைய வரும். நம் கரகரப்பிரியாவின் அதே ஸ்வரங்கள். ஏவில் தொடங்கும் டோரியனில் எஃப் ஷார்ப் இருக்கும், அதாவது அது முழுக்க இ மைனரின் ஸ்வரக் கூட்டம். எண்ணோ 8ஏ என்றே காட்டும், அதைப் பார்த்தால் 7ஏவும் 9ஏவும் சமமாகத்தான் தோன்றும். உண்மையில் 9ஏவோடு ஏழு ஸ்வரமும் பொருந்துகிறது, 7ஏவோடு இரண்டு இடத்தில் முட்டுகிறது. எண் சரியாக இருந்தும் மைக்ஸ் ஏன் உறுத்துகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

அப்புறம் வேகம். மாஸ்டர் டெம்போ (சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் வசதி) போடாமல் வேக ஃபேடரை 6% ஏற்றினால் சுருதி ஏறக்குறைய ஒரு செமிடோன் (பியானோவில் அடுத்த கட்டை) ஏறிவிடும். 120இலிருந்து 127க்குப் போகும்போது 8ஏ ட்ராக் 3ஏவாக மாறியிருக்கும், சக்கரத்தில் எங்கோ தள்ளி. 2% ஏற்றினாலே செமிடோனில் மூன்றில் ஒரு பங்கு விலகுகிறது, நீண்ட பேடில் அது நன்றாகவே கேட்கும். மாஸ்டர் டெம்போ சுருதியைக் காப்பாற்றும், ஆனால் நிறைய நகர்த்தினால் ஹை-ஹாட்டின் கூர்மை மழுங்கிவிடும். அதனால் மாஸ்டர் டெம்போ எப்போதும் போட்டே இருக்கும், மைக்ஸ் செய்வது இரண்டு பிபிஎம் வித்தியாசத்துக்குள்தான். 2020இல் வந்த சிடிஜே-3000 ப்ளேயரில் கீயையே மாற்றும் வசதி இருக்கிறது. குரல் இல்லாத ட்ராக்கில் ஒரு செமிடோன் மாற்றலாம், அதற்கு மேல் போனால் பியானோவின் இயல்பு கெட்டுவிடுகிறது.

8ஏவிலிருந்து 10ஏவுக்குத் தாவினால் கூட்டம் சூடேறும் என்பது உண்மைதான். ஆனால் சாந்தமான செட்டில் அதைக் கார்டுகள் மேல் செய்யாதீர்கள். பேட் ஓய்ந்து டிரம் மட்டும் ஓடும் இடம் வரும்வரை காத்திருங்கள். ஒரே கீயில் இருந்தாலும் இரண்டு பேஸ்லைன்களைச் சேர்த்து ஓடவிடக் கூடாது. 16 பார் முடிந்து புது ஃப்ரேஸ் (இசைப் பகுதி) தொடங்கும் முதல் பீட்டில் ஒன்றை இறக்கி மற்றதை ஏற்ற வேண்டும்.

இதற்காகக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா என்று கேட்டால், புதிதாகத் தொடங்குபவருக்கு ரெக்கார்ட்பாக்ஸின் இலவசப் பதிப்பில் இருக்கும் கீ அலசலே போதும். எந்த மென்பொருளும் ரிலேட்டிவ் மேஜரையும் மைனரையும் (8பி, 8ஏ போல ஒரே ஸ்வரங்கள் கொண்ட ஜோடி) சில சமயம் மாற்றிப் போடும், வினைலில் இருந்து எடுத்த பழைய ட்ராக் என்றால் சுருதியே இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் நிற்கும். சின்னக் கீபோர்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் எந்த ஸ்வரத்தில் வந்து நிற்கிறது என்று வாசித்துப் பார்த்து எண்ணை நீங்களே திருத்திவிட்டு, டோரியன் என்றால் அதையும் கமெண்ட் கட்டத்தில் எழுதிவிடுங்கள். செட் நடுவே ட்ராக் தேடும்போது நான் எண்ணுக்கு அடுத்தபடி பார்ப்பது அந்தக் குறிப்பைத்தான்.