ஆல்ட்டோவா, வேகன் ஆரா? இறக்கத்தில் தெரியும் வித்தியாசம்

பழைய கார் பார்க்கப் போகும் நம் மலையக ஆட்கள் முதலில் கேட்பது, "ஏத்தம் இழுக்குமா?" என்றுதான். நானும் அதைத்தான் கேட்டு வாங்கினேன். ஆறு வருடமாகத் தலவாக்கலையில் சுசுகி ஆல்ட்டோ ஓட்டுகிறேன். பண்டாரவளையில் இருக்கும் மச்சானிடம் ஜப்பானில் இருந்து வந்த சுசுகி வேகன் ஆர். கல்யாணம், காட்சி என்று இரண்டையும் மாறி மாறி ஓட்டியதில் ஒன்று விளங்கியது. ஏற்றத்தை எப்படியோ ஏறிவிடலாம். காரின் குணம் இறங்கும்போதுதான் தெரியும்.

ஏற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆல்ட்டோ 796 சிசி, வேகன் ஆர் 658 சிசி. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் இப்படிப்பட்ட இன்ஜின்கள் ஏறக்குறைய பத்து வீதம் பலம் இழக்கும், காற்று மெலிந்துவிடுவதால். நுவரெலியா 1,868 மீற்றர். ஆக அங்கே இரண்டுமே ஐந்தில் ஒரு பங்கு பலத்தைக் கீழே விட்டுவிட்டுத்தான் வருகின்றன. நாலு பேரோடு இறம்பொடை வளைவுகளில் ஆல்ட்டோவுக்கு இரண்டாம் கியர், சில இடத்தில் முதல் கியர். வேகன் ஆரில் கியர் மாற்றும் வேலை இல்லை. சத்தம் கூடும், ஆனால் விட்டுவிட்டு இழுக்காது. ஓட்டுகிறவருக்கு சுகம் அதில்தான்.

பழுதானால் கதை மாறும். அட்டன் டவுன் நெரிசலில் ஏற்றத்தில் நின்று நின்று அரை கிளச்சில் பிடித்ததில் என் ஆல்ட்டோவின் கிளச் பிளேட் ஒருமுறை கருகியது. பக்கத்துக் கராஜ் பாஸ், அதாவது மெக்கானிக், காலையில் கியர் பொக்ஸைக் கழற்றினார், பொழுது சாய முன் கார் வீட்டில். வேகன் ஆரில் இருப்பது சிவிடி எனும் ஓட்டோ கியர். இரண்டு கப்பிகளுக்கு நடுவே உருக்குப் பட்டி ஓடும் அமைப்பு. அதற்கான சரியான ஒயிலை வேளைக்கு மாற்றினால் நன்றாக உழைக்கும். கண்ட ஒயிலை ஊற்றி, பட்டி வழுக்கி, வண்டி உதறத் தொடங்கிவிட்டால் நம்மூரில் திறந்து பார்க்கவே யோசிப்பார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த கியர் பொக்ஸ் தேடி அலைய வேண்டும். வாங்கும்போதே ஏற்றத்தில் நிறுத்தி, மெதுவாக எடுத்துப் பாருங்கள். உதறினால் அந்த வண்டி வேண்டாம்.

இனி இறக்கம். இரண்டு வருடத்துக்கு முன் மச்சானின் காரில் நுவரெலியாவில் இருந்து கம்பளைப் பக்கம் இறங்கினேன். சாதாரணமாக ஓட்டும் டி கியரிலேயே விட்டுவிட்டு, லபுக்கலை தாண்டியதில் இருந்து பிரேக்கில் கால் வைத்தபடி வந்தேன். இறம்பொடைக்குக் கிட்ட ரப்பர் கருகுவது போல ஒரு வாடை. அடுத்த வளைவில் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. பின்னால் பிள்ளைகள். பார்க்கிங் பிரேக்கையும் சேர்த்துப் போட்டு, ஓரத்து மண்ணில் ஏற்றித்தான் நிறுத்தினேன். முன் சில்லில் இருந்து புகை. அரை மணி நேரம் அங்கேயே நின்றோம்.

"சேர், இந்த பிரேக் ஒயில் மாத்தி எத்தன வருஷம்?" என்று பாஸ் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டொட் 3 வகை, புதிதாக இருக்கும்போது 205 பாகையில் கொதிக்கும்; ஈரம் ஏறிவிட்டால் 140 பாகையே போதும். கொதித்து ஆவிக் குமிழ் வந்துவிட்டால் பெடல் உள்ளே போகும். வருடம் முழுக்க மூடுபனியும் மழையுமாக இருக்கும் நம் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும். இப்போது அந்தக் காரை, இன்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கும் எல் கியரில் போட்டுத்தான் இறக்குகிறோம். நன்றாகவே பிடிக்கிறது. ஆனாலும் ஆல்ட்டோவின் இரண்டாம் கியர் பிடிக்கிற பிடி அதில் இல்லை. இந்த ஒன்றில் என் ஓட்டு ஆல்ட்டோவுக்கே.

ஆனால் பழைய ஆல்ட்டோக்களில் பெரும்பாலும் ஏர்பேக்கும் இல்லை, சில்லு பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸும் இல்லை. கொழுந்து லொறி சேற்றை இழுத்துவிட்டுப் போன ஈரத் தாரில் சில்லு பூட்டி வழுக்கும்போது, இந்தத் தகரம்தான் என் பிள்ளைகளுக்குக் காவலா என்று நெஞ்சு பதறும். வேகன் ஆரில் இரண்டும் உண்டு. மலிவு, பழுது பார்க்க இலகு என்று எத்தனை சொன்னாலும் இந்தக் குறையை என்னால் சிறிதாக நினைக்க முடியவில்லை.

டொயோட்டா அக்வா ஹைபிரிட்டையும் சிலர் கேட்கிறார்கள். பின் சீட்டுப் பக்கத்தில் பெட்டரிக்குக் காற்றுப் போகும் துவாரம் தூசியால் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டரியின் ஆயுள் அதில் இருக்கிறது. லயத்துக்குப் போகும் கல் ரோட்டுக்கு அதன் அடிப்பாகம் தாழ்வு.

எதை வாங்கினாலும் விடியற்காலையில் சொல்லாமல் போங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். செந்நிறத் துருத்தண்ணீர் தெரிந்தால் கூலன்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார்கள். ஏசியையும் போட்டுப் பாருங்கள். குளிரூரில் ஏசி எதற்கு என்று காஸ் போனதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். நானுஓயா பனியில் முன் கண்ணாடி தெளிய அதுதான் வேண்டும். வாகனப் பதிவுக்கான சி.ஆர். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருந்தால், அதை நீக்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடையில் மாற்ற வழியில்லாமல் ஓடித் தேய்ந்த வண்டிகள் பல இப்போது புது பெயின்டோடு நிற்கின்றன. மீட்டரை நம்பாமல் பெடல் ரப்பரின் தேய்வைப் பாருங்கள்.

தோட்டத்துக்குள் வீடு, நல்ல கராஜ் தூரத்தில்தான் இருக்கிறது என்றால் ஆல்ட்டோவை எடுங்கள். டவுனில் இருந்து, பிள்ளைகளோடு கண்டி, கொழும்பு என்று போய்வருகிறவர்கள் வேகன் ஆரை எடுக்கலாம். வாங்கிய வாரமே சிவிடி ஒயிலும் பிரேக் ஒயிலும் மாற்றுகிற காசை விலையோடு சேர்த்து ஒதுக்கிக்கொள்ளுங்கள். தங்கச்சி போன மாதம் வேகன் ஆர் எடுத்தாள். முதல் நாளே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எல் கியரில் இறம்பொடை வரை இறக்கிக் காட்டினேன்.