சாட்டில் எழுதினால்தான் முடிவு: நான்கு ஆண்டு அனுபவம்

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில். அலுவலகம் கோலாலம்பூரில். வாடிக்கையாளர்களின் பில்களைச் சரிபார்த்து மாதக் கணக்கை முடித்துக் கொடுக்கும் சின்னக் குழு எங்களுடையது. ஏழு பேர் கோலாலம்பூரில், இரண்டு பேர் கோயம்புத்தூரில், ஒருவர் சரவாக் மாநிலத்தின் கூச்சிங்கில், நான் இங்கே. பேச்செல்லாம் ஸ்லாக் என்ற அலுவலகச் செய்திச் செயலியில்தான். அதில் எப்படிப் பேசிக்கொள்வது என்று 2021இல் ஒரு பக்கத்துக்கு விதிகள் எழுதினோம். நான்கு ஆண்டுகள் அவற்றோடு வேலை செய்துவிட்டேன். எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று இப்போது சொல்ல முடியும்.

2020 மார்ச் 18 அன்று கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. எல்லாரும் வீட்டில் இருந்தோம், எல்லாம் சாட்டில் நடந்தது. கட்டுப்பாடு தளர்ந்து மற்றவர்கள் அலுவலகம் திரும்பினார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் நான் மட்டும் ஊரிலேயே இருந்தேன். சிக்கல் அப்போதுதான் ஆரம்பித்தது. ஒரு வாடிக்கையாளருக்குச் செலவுத் தலைப்புகளை மாற்றுவதென்று மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்துக்கொண்டே முடிவெடுத்திருக்கிறார்கள். யாரும் என்னிடம் மறைக்கவில்லை. சொன்னதாகவே நினைத்திருக்கிறார்கள். நான் இரண்டு நாள் உட்கார்ந்து பழைய தலைப்புகளிலேயே கணக்கை முடித்து அனுப்பினேன். முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

எங்கள் முதல் விதி அதிலிருந்து வந்தது: எங்கே பேசி முடிவெடுத்தாலும், ஸ்லாக்கில் குழு முழுவதும் பார்க்கும் பொது இடமான சேனலில் ஒரு வரி எழுதும்வரை அது முடிவாகாது. மற்ற விதிகளையெல்லாம் எடுத்துவிட்டாலும் இந்த ஒன்றை விடமாட்டேன். அப்பா தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போய் நின்றால்தான் அன்றைக்கு எந்த மரவரிசை, என்ன வேலை என்று தெரியும் என்பார். தூரத்தில் இருப்பவருக்கு சேனல்தான் பெரட்டுக்களம். அங்கே சொல்லாத வேலை எனக்கு வந்து சேராது.

பழகுவதற்கு ஆறு மாதம் ஆனது. யாராவது தனிச் செய்தியில் வேலை விஷயம் கேட்டால், "இதைச் சேனலில் கேளுங்கள், அங்கே பதில் சொல்கிறேன்" என்று ஒவ்வொரு முறையும் எழுதினேன். முதலில் சிலருக்கு அது முகத்தில் அடித்ததுபோல் இருந்திருக்கிறது. அப்புறம் அவர்களே மற்றவர்களுக்கு அதைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது, வணக்கம் பற்றியது. கோவையிலிருந்து ஒரு தங்கை "அக்கா" என்று மட்டும் எழுதுவார். நான் "சொல்லும்மா" என்பேன். "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று வரும். விஷயம் வருவதற்குள் இருபது நிமிடம் போய்விடும். அதற்குள் என் மனம் ஆயிரம் யோசித்துவிடும். எடுத்த எடுப்பில் விஷயத்தை எழுதுங்கள் என்று பொதுவாக அறிவுரை சொல்வார்கள். நாங்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவர்களிடம் நலம் கேட்காமல் வேலையைக் கேட்பது நம் பழக்கத்தில் மரியாதைக் குறைவு, அந்தத் தங்கைக்கும் அது கூசும். அதனால் வணக்கமும் விஷயமும் ஒரே செய்தியில் இருக்கட்டும் என்று வைத்தோம். "அக்கா, சாப்பிட்டீங்களா? மார்ச் பில்லில் ஒரு எண் பொருந்தவில்லை, படம் இணைத்திருக்கிறேன்." இவ்வளவுதான். மரியாதையும் போகவில்லை, நேரமும் போகவில்லை.

"சரி" என்ற சொல் தந்த குழப்பம் இதற்கும் மேல். படித்துவிட்டேன் என்றும் சரி, ஒப்புக்கொள்கிறேன் என்றும் சரி, செய்துவிடுகிறேன் என்றும் சரி. செய்தியின் கீழே கண் குறி போட்டால் பார்க்கிறேன், பச்சை டிக் போட்டால் முடித்துவிட்டேன் என்று வைத்துக்கொண்டோம். இந்த விதி முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்டது.

அழைப்புக் குறிகளில் கவனம் தேவை. ஸ்லாக்கில் செய்தியோடு 'ஹியர்' (@here) போட்டால் அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் மணி அடிக்கும். 'சேனல்' (@channel) போட்டால் எல்லாருக்கும் போகும். மாதக் கடைசி தவிர வேறு நாளில் 'சேனல்' போடுவதில்லை. நேரத்தை எழுதும்போது ஊரையும் சேர்த்து எழுத வேண்டும்: மலேசியா 12.30, இந்தியா 10.00. பொது விடுமுறைகளை ஒரே நாள்காட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். தீபாவளி சரவாக்கில் பொது விடுமுறை இல்லை, ஜூன் 1, 2 காவாய் பண்டிகை (சரவாக்கின் அறுவடைப் பண்டிகை) இங்கே விடுமுறை இல்லை. முன்பு தீபாவளி காலையில் கூச்சிங்கிலிருந்து செய்தி வரும், அவர்மேல் தப்பே இல்லை.

நாங்களே தவறவிட்டது ஒன்று. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் இருந்தோம். 2022 செப்டம்பர் முதல் அதில் கடைசி 90 நாள் செய்திகளைத்தான் பார்க்க முடியும். முடிவுகளைச் சேனலில் எழுதினால் போதும் என்று இருந்தோம், வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை. தணிக்கைக்காகப் பழைய முடிவு ஒன்றைத் தேடியபோதுதான் உறைத்தது. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் அந்த வார முடிவுகளைத் தனிக் கோப்பில் ஏற்றுகிறார். விதி எழுதுகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வேலை பேசக் கூடாது என்ற விதி பாதிதான் நிற்கிறது. இடி மின்னலில் கரண்ட் போய்விட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி சொல்லலாம் என்று விலக்கு வைத்தோம். அந்த வழியாகக் குரல் செய்திகள் வர ஆரம்பித்தன. குரல் செய்தியில் ஒரு தொகையைச் சொன்னால் அப்புறம் தேடி எடுக்க வழியில்லை. இதில் நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

சட்டமும் கொஞ்சம் கைகொடுத்தது. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத் திருத்தத்தின்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான், முன்பு 48. நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கு எழுதிக் கேட்டால் முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். நானும் எழுதிக் கேட்டேன், எழுத்திலேயே ஒப்புதல் வந்தது. அந்த நேரக் கணக்கு விதிகளிலும் ஏறியது: மாலை ஆறுக்கு மேல் வரும் செய்திக்கு மறுநாள் பதில் சொன்னால் போதும்.

போன ஆண்டு அம்மாவை ஈப்போவில் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஸ்லாக்கில் என் நிலையை 'விடுப்பு' என்று மாற்றிவிட்டுப் போனேன். விடுப்பில் இருப்பவரைக் கூப்பிடக் கூடாது என்ற விதியை எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். நான்கு நாள் ஒரு செய்தி இல்லை. வேலை பற்றிக் கேட்காதது பெரிய உதவி. ஆனால் அம்மா எப்படி இருக்கிறார் என்றுகூட யாரும் கேட்கவில்லை. தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒவ்வொருவரும் ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். இரவில் வார்டுக்கு வெளியே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. ஐந்தாம் நாள் கோவைத் தங்கை போன் செய்தார். "விதியில கூப்பிடக்கூடாதுன்னு இருக்கு, ஆனா மனசு கேக்கல அக்கா" என்றார்.

வேலைக்குத் திரும்பியதும் இதைச் சேனலிலேயே எழுதினேன். அன்று மாலையே எங்கள் மேலாளர் விதிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார்: விடுப்பில் இருப்பவரை வேலைக்காக அழைக்காதீர்கள், நலம் விசாரிக்க அழையுங்கள்.